உடம்பு ஒண்ணு, நாம அளக்குறது மட்டும் துண்டு துண்டா

ஐசியுல படுத்திருக்கிற ஒருத்தருக்கு ரத்தத்துல சுகர் 200 காட்டுதுன்னு வைங்க. இன்சுலின் போட்டு அத 100க்கு இறக்கணுமா, இல்ல 180க்குள்ள இருந்தா போதும்னு விட்டுடலாமா? கேக்க ரொம்ப சின்ன கேள்வி. ஆனா இதுக்கு பதில் தேடி மருத்துவ உலகம் 20 வருஷத்துக்கு மேல அலைஞ்சிருக்கு, ஒரு தடவ கண்டிப்பா இறக்கணும்னு சொல்லி, அப்புறம் இறக்கவே கூடாதுன்னு சொல்லி, கடைசில எப்படி வச்சாலும் பெரிய வித்தியாசம் இல்லன்னு வந்து நின்னுச்சு. நான் பிசியாலஜி சொல்லிக்கொடுக்கிற வேலைல இருக்கேன், பசங்களுக்கு இந்தக் கதைய எப்பவும் முழுசா சொல்லுவேன். மனுஷ உடம்ப ஆராய்ச்சி பண்றதுல எங்க கோட்டை விடுறோம்னு இத விட தெளிவா காட்டுற வேற கதை எனக்கு தெரியல.

2001ல பெல்ஜியத்துல லூவன் ஊர்ல, க்ரீட் வான் டென் பெர்க்னு ஒரு டாக்டரோட குழு ஒரு ட்ரையல் பண்ணாங்க. ஆபரேஷன் முடிஞ்சு ஐசியுக்கு வந்த 1548 பேரு, அதுல பாதிக்கு மேல ஹார்ட் ஆபரேஷன் ஆனவங்க. ஒரு பாதி பேருக்கு சுகர 80லேருந்து 110க்குள்ள இறுக்கிப் பிடிச்சாங்க, மீதி பேருக்கு வழக்கம் போல விட்டாங்க. ஐசியுல இறந்தவங்க வழக்கமான குரூப்ல 8 சதவீதம், இறுக்கிப் பிடிச்ச குரூப்ல 4.6. கிட்டத்தட்ட பாதி! இன்சுலின் ஒண்ணும் புது மருந்து இல்ல, விலையும் கம்மி, அத சரியா போட்டாலே இத்தன உயிர் பிழைக்கும்னா யாரு விடுவா, உலகம் முழுக்க ஐசியுகள்ல நர்ஸுங்க மணிக்கொரு தடவ சுகர் பாத்து இன்சுலின் பம்ப்ப ஏத்தி எறக்க ஆரம்பிச்சாங்க.

அப்புறம் 2009ல நைஸ்-ஷுகர்னு ஒரு ட்ரையல் முடிவு வந்துச்சு. 42 ஆஸ்பத்திரி, 6104 பேஷண்ட். ஒரு குரூப்புக்கு 81லேருந்து 108, இன்னொண்ணுக்கு 180 வரைக்கும் விடலாம். 90 நாள் கழிச்சு பாத்தா இறுக்கிப் பிடிச்ச குரூப்ல 27.5 சதவீதம் பேர் இறந்திருக்காங்க, விட்டுப்பிடிச்ச குரூப்ல 24.9. அதாவது இறுக்கினதுல உயிர் கூடுதலா போயிருக்கு. சுகர் ரொம்ப கீழ இறங்கி ஆபத்தாப் போனது இறுக்கிப் பிடிச்ச குரூப்ல 6.8 சதவீதம், விட்டுப்பிடிச்ச குரூப்ல வெறும் 0.5.

ரெண்டுமே நேர்மையா, கஷ்டப்பட்டு பண்ண ட்ரையல். அப்ப எது உண்மை? இந்த எடத்துலதான் பசங்கள நிறுத்தி யோசிக்க சொல்லுவேன். பெரும்பாலும் வர பதில் "ரெண்டாவதுதான் சார் உண்மை, அதுல பேஷண்ட் அதிகம்"னு. அது பதிலே இல்ல. ரெண்டு எடத்துலயும் நடந்தது நடந்ததுதான், ரெண்டும் நிஜ மனுஷங்க உடம்புல நடந்தது. கேக்க வேண்டியது என்னன்னா, ரெண்டு எடத்துலயும் சுகரத் தவிர வேற என்ன மாறியிருந்துச்சு?

முதல்ல சாப்பாடு. லூவன்ல ஐசியுக்குள்ள வந்த உடனே நரம்பு வழியா 24 மணி நேரத்துல 200லேருந்து 300 கிராம் குளுக்கோஸ் ஏத்தினாங்க, அடுத்த நாள்லேருந்து ட்ரிப்ஸ் வழியாவும் மூக்கு ட்யூப் வழியாவும் முழு சாப்பாடு. நைஸ்-ஷுகர்ல பெரும்பாலும் ட்யூப் வழி சாப்பாடுதான், நரம்பு வழியா போனது கம்மி. ஒரு எடத்துல உள்ள சர்க்கரைய கொட்டிட்டு இன்சுலினால அத அடக்குறாங்க, இன்னொரு எடத்துல அரைப்பட்டினில இருக்கிற உடம்புல அதே இன்சுலின போடுறாங்க. ரெண்டாவது எப்படி அளந்தாங்கங்கிறது. லூவன்ல ரத்தக்குழாய்லேருந்து நேரா ரத்தம் எடுத்து பெரிய மெஷின்ல பாத்தாங்க, மத்த ஆஸ்பத்திரிகள்ல பல எடத்துல விரல்ல குத்தி ஸ்ட்ரிப்ல பாக்குற மீட்டர். அந்த மீட்டர் வீட்ல பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஐசியு பேஷண்டுக்கு ரத்த சோகை இருந்தா சுகர நெஜத்த விட கூட காட்டும், ஷாக்ல, அதாவது உடம்புல ரத்த ஓட்டம் ரொம்ப கொறைஞ்ச நிலைல, இருந்தா விரல் நுனிக்கு ரத்தமே ஒழுங்கா வராது. கூடக் காட்டினா நர்ஸ் இன்னும் கொஞ்சம் இன்சுலின் போடுவாங்க. அவங்க மேல தப்பே இல்ல, கைல இருந்த நம்பர நம்பினாங்க.

இந்த முடிச்ச அவுத்ததும் அதே லூவன் குரூப்தான், அதுக்காக அவங்கள எனக்கு ரொம்ப பிடிக்கும். 2011ல அவங்களே 4640 பேர வச்சு ஒரு ட்ரையல் பண்ணி, ஐசியுல சீக்கிரமே நரம்பு வழியா சாப்பாடு ஏத்தினா தேறி வர்றது தாமதமாகுதுன்னு காட்டினாங்க. அப்புறம் 2023ல, அந்த ட்ரிப்ஸ் சாப்பாட நிறுத்தி வச்சுட்டு, சரியான மெஷின்ல அளந்து, கம்ப்யூட்டர் சொல்ற அளவுல இன்சுலின் போட்டு, 9230 பேர்கிட்ட பழைய கேள்வியையே திரும்ப கேட்டாங்க. சுகர் ரொம்ப இறங்குற ஆபத்து கொறைஞ்சு போச்சு, ஆனா இறுக்கிப் பிடிச்சதுல ஐசியு நாளும் கொறையல, உயிர்ல வித்தியாசமும் இல்ல. அப்ப 2001ல பாத்த அந்த பெரிய நன்மை எங்கேருந்து வந்துச்சு? பெரும்பாலும் நாமளே ஏத்தின சர்க்கரையோட கெடுதல நாமளே இன்சுலின் போட்டு தடுத்ததா இருக்கலாம். சாப்பாடும் சேத்துதான் அந்த பரிசோதனை, ஆனா படிச்சவங்க கண்ணுல பட்டது சுகர் மட்டும்தான்.

எனக்கு இதுல வர்ற வருத்தம் என்னன்னா, கணையம், ஈரல், குடல், தசை, மூளை எல்லாம் சேந்துதான் ரத்த சுகர ஒரு எடத்துல நிறுத்துதுன்னு நாங்க முதல் வருஷத்துலயே பாடம் நடத்துறோம். க்ளாட் பெர்னார்ட் 19ம் நூற்றாண்டுல ஈரல்தான் குளுக்கோஸ் தயார் பண்ணுதுன்னு கண்டுபிடிச்சு, உடம்புக்குள்ள இருக்கிற சூழல் நிலையா இருக்கிறதுதான் சுதந்திரமான வாழ்க்கைக்கே ஆதாரம்னு சொன்னாரு, வால்ட்டர் கேனன் 1920கள்ல அதுக்கு ஹோமியோஸ்டாசிஸ்னு பேர் வச்சாரு. பரீட்சைக்கு எல்லாரும் எழுதுறோம். ஆராய்ச்சின்னு வந்தா மட்டும் ஒரு ஆர்கன், ஒரு மாலிக்யூல், ஒரு நம்பர்னு பிரிச்சு எடுத்துக்கிட்டு, மீதி உடம்பு சும்மா நிக்கும்னு நெனச்சுக்கிறோம். அது சும்மா நிக்காது, ஒரு பக்கம் அழுத்தினா இன்னொரு பக்கம் எழும்.

இப்படி நடந்தது ஒண்ணு ரெண்டு இல்ல. ஹார்ட் அட்டாக் வந்து பிழைச்சவங்களுக்கு நடுநடுவுல இதயம் தப்புத் துடிப்பு துடிக்கும், அப்படி துடிக்கிறவங்க அதிகமா இறந்தாங்க. அப்ப அந்த தப்புத் துடிப்ப அடக்கினா பிழைப்பாங்கன்னு நெனச்சு என்கெய்னைட், ஃப்ளெக்கெய்னைட்னு மருந்து எழுதிட்டு இருந்தாங்க, மருந்து ஈசிஜிய அழகா சுத்தமாக்குச்சு. காஸ்ட்னு ஒரு ட்ரையல் பண்ணி பாத்தப்ப, 1991ல வந்த கணக்குப்படி, மருந்து சாப்பிட்ட 755 பேர்ல 63 பேர் இறந்திருந்தாங்க, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேர்ல 26 பேர். அதுவும் சராசரியா 10 மாசத்துல. ஈசிஜி நல்லா இருந்துச்சு, ஆளு இல்ல.

2011ல வந்த ஃபீஸ்ட் ட்ரையல படிச்சப்ப ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல எனக்கு. கென்யா, உகாண்டா, டான்சானியா, கடுமையான காய்ச்சலோட ரத்த ஓட்டம் கொறைஞ்சு வந்த 3141 குழந்தைங்க, நிறைய பேருக்கு மலேரியா, மூணுல ஒரு பங்கு குழந்தைக்கு கடுமையான ரத்த சோகை. பாடப்புத்தகம் சொல்றபடி ஒரு குரூப்புக்கு சலைனும் (உப்புத் தண்ணி) இன்னொரு குரூப்புக்கு ஆல்புமினும் (ரத்தத்துல இருக்கிற ஒரு புரதத்தோட கரைசல்) வேகமா ஏத்தினாங்க, மூணாவது குரூப்புக்கு அப்படி வேகமா எதுவும் ஏத்தல, மெதுவா தேவையான அளவு மட்டும். 48 மணி நேரத்துல இறந்தது ஏத்தின ரெண்டு குரூப்லயும் பத்தர சதவீதத்துக்கு பக்கம், ஏத்தாத குரூப்ல 7.3. இதுல இன்னொரு விஷயம் இருக்கு, ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தப்ப ஷாக் சரியான குழந்தைங்க ஏத்தின குரூப்லதான் அதிகம். அதாவது பக்கத்துல நின்ன டாக்டர் கண்ணுக்கு வைத்தியம் வேல செய்யுது. அந்த ஒரு மணி நேரத்தோட ஆராய்ச்சிய நிறுத்தியிருந்தா உலகத்துக்கே தப்பா ஒரு பாடம் போயிருக்கும். ரத்த சோகைல இருக்கிற குழந்தைக்கு தண்ணி ஏத்தினா இருக்கிற கொஞ்ச ஹீமோகுளோபினும் நீர்த்துப் போகும், சலைன்ல இருக்கிற குளோரைட் ரத்தத்த இன்னும் அமிலமாக்கும், நுரையீரலும் மூளையும் அந்த பாரத்த வாங்கணும். பிரஷர் மட்டும் பாத்தா இதெல்லாம் எங்க தெரியும்? (வயித்துப்போக்குல நீர் வத்திப்போன குழந்தைங்க அந்த ட்ரையல்ல கிடையாது, அவங்களுக்கு தண்ணியும் உப்பும் உடனே குடுக்கணும், இதப் படிச்சுட்டு யாரும் குழம்ப வேணாம்.)

வென்டிலேட்டர் கதையும் இதே மாதிரிதான். நுரையீரல் கடுமையா பாதிச்சவங்களுக்கு பெரிய மூச்சா குடுத்தா ரத்தத்துல ஆக்சிஜன் நல்லா ஏறும், சின்ன மூச்சா குடுத்தா முதல் சில நாள் ஆக்சிஜன் கொஞ்சம் கம்மிதான். ஆனா 2000ல 861 பேர வச்சு பண்ண அமெரிக்க ட்ரையல்ல பெரிய மூச்சு குரூப்ல இறப்பு 39.8 சதவீதம், சின்ன மூச்சு குரூப்ல 31. நுரையீரல ரொம்ப இழுத்தா அங்கேருந்து அழற்சிப் பொருள் ரத்தத்துல கலந்து கிட்னி வரைக்கும் போகுது, சின்ன மூச்சு குரூப்ல ரத்தத்துல ஐஎல்-6ங்கிற அழற்சிப் பொருள் நல்லாவே இறங்கியிருந்துச்சு. ஆக்சிஜன் நம்பர் நல்லா இருந்த குரூப்தான் அதிகமா செத்துச்சுங்கிறத முதல் தடவ கேக்குற பசங்க யாரும் நம்ப மாட்டாங்க.

சரி முழு உடம்பையும் பாக்கணும்னா என்ன பண்றது, எல்லாத்தையும் எல்லாருக்கும் அளக்கவா முடியும்னு கேப்பாங்க. முடியாதுதான். ஆனா அளக்குறத ஒரே மாதிரி அளக்கலாம்ல. ஒரு ஆள் படுத்திருந்துட்டு எழுந்து கொஞ்ச நேரம் நின்னா, ரத்தத்துல இருக்கிற தண்ணி காலு பக்கம் திசுவுக்குள்ள இறங்கி பிளாஸ்மா 10 சதவீதம் அளவுக்கு கொறையும், அப்ப ஹீமோகுளோபின், ஆல்புமின், கொலஸ்ட்ரால் எல்லாம் கூட காட்டும். அதே ஆள், அதே ரத்தம். கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் காலைல உச்சத்துல இருக்கும், நடுராத்திரில பாதாளத்துல இருக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், ஆனா எத்தன பேப்பர்ல "ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஆளு உக்காந்திருந்தாரா படுத்திருந்தாரா, எத்தன மணிக்கு எடுத்தோம், முந்தின நாள் ராத்திரி தூங்கினாரா"ன்னு எழுதியிருக்காங்கன்னு தேடிப் பாருங்க. அது எழுதாத ரெண்டு பேப்பர பக்கத்துல பக்கத்துல வச்சு ஒண்ணு சரி ஒண்ணு தப்புன்னு சண்ட போடுறது வீண் வேல.

ஒழுங்கு பண்ணினா நடக்கும்ங்கிறதுக்கு எச்பிஏ1சி, அதாவது கடந்த ரெண்டு மூணு மாசத்து சராசரி சுகர காட்டுற ரத்தப் பரிசோதனை, இருக்கு. 1990கள் வரைக்கும் ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு முறைல பாத்து ஒவ்வொரு நம்பர் குடுத்துச்சு. 1993ல டிசிசிடி ட்ரையல் வந்து, சுகர நல்லா வச்சிருந்தா டைப் 1 சர்க்கரை நோய்க்காரங்களுக்கு கண்ணும் கிட்னியும் நரம்பும் தப்பிக்கும்னு காட்டின பிறகு, அந்த ட்ரையல்ல பயன்படுத்தின அளவோட உலகத்து லேபெல்லாம் ஒத்துப்போகணும்னு 1996ல அமெரிக்கால ஒரு அமைப்ப ஆரம்பிச்சு வருஷக்கணக்கா இழுத்துக் கட்டினாங்க. இப்ப மதுரைல 7ன்னு வந்தாலும் டொரண்டோல 7ன்னு வந்தாலும் அர்த்தம் ஒண்ணுதான். ஆனா அங்கயும் மீதி உடம்ப மறக்கக்கூடாது, இரும்புச்சத்து கொறைவால ரத்த சோகை இருந்தா எச்பிஏ1சி கொஞ்சம் கூடவே காட்டலாம். நம்ம ஊர்ல எத்தன பொம்பளைங்களுக்கு ரத்த சோகை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அப்ப அந்த நம்பர ஹீமோகுளோபினோட சேத்துதான் படிக்கணும்.

அளக்குற கருவி யார் உடம்புல சரி பாத்து செஞ்சதுங்கிறதும் இதுல வரும். கொரோனா காலத்துல எல்லார் வீட்லயும் விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் வந்துச்சு. 2020 டிசம்பர்ல அமெரிக்கால மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருங்க ஒரு கணக்கு போட்டாங்க. கருவி 92லேருந்து 96ன்னு காட்டும்போது நெஜமான ரத்த ஆக்சிஜன் 88க்கு கீழ இருந்தது வெள்ளைக்காரங்கள்ல 3.6 சதவீதம், கறுப்பின மக்கள்ல 11.7. தோல் நிறம் வெளிச்சத்த உறிஞ்சுறதுனால வர தப்பு. நம்ம தோல் நிறத்துக்கு இது யாரோ வேற ஊர்க்காரங்க பிரச்சனை கிடையாது.

பழைய ஆளுங்க இத நம்மள விட நல்லா புரிஞ்சு வச்சிருந்தாங்களோன்னு தோணும். 1927லேருந்து 1947 வரைக்கும் ஹார்வர்ட்ல ஃபட்டீக் லேபரட்டரின்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் மெடிக்கல் காலேஜ்ல இல்ல, பிசினஸ் ஸ்கூல் கட்டடத்து அடித்தளத்துல! டேவிட் ப்ரூஸ் டில்னு ஒருத்தர் நடத்தினாரு. மராத்தான் ஓடுறவர டிரெட்மில்ல ஓட விட்டாங்க, ஹூவர் அணை கட்டின வெயில்ல வேல செஞ்சவங்களோட வேர்வைல உப்பு பாத்தாங்க, 1935ல சிலில மலை மேல ஏறிப் போய் ரத்தத்துல ஆக்சிஜன் பாத்தாங்க. அதே குழு, அதே மாதிரியான முறைகள், பல எடத்துல தங்களையே அளந்துக்கிட்டாங்க. மனுஷன் மாறல, சூழல் மட்டும் மாறுது, மூச்சு, ரத்தம், வேர்வை, இதயம் எல்லாம் ஒரே ஆளுகிட்ட சேத்து பாத்தாங்க. அது மூடின பிறகு அங்கேருந்து போனவங்க பல ஊர்ல லேப் ஆரம்பிச்சாங்க, ஆனா அந்த மாதிரி எல்லாம் ஒரே கூரைக்குள்ள இருந்தது அபூர்வம்தான்.

முழு உடம்பையும் பாத்தே ஆகணும்னு கட்டாயப்படுத்தினா நல்லதும் கெடைக்கும். ரோசிகிளிட்டசோன்னு ஒரு சுகர் மாத்திரை இதயத்துக்கு கெடுதல் பண்ணுதோன்னு பெரிய சர்ச்சை வந்த பிறகு, 2008ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இனிமே புதுசா வர்ற சர்க்கரை நோய் மருந்து எதுவா இருந்தாலும் இதயத்த கெடுக்காதுன்னு காட்டணும்னு சொல்லிடுச்சு. கம்பெனிங்களுக்கு இதுல செலவு எக்கச்சக்கம். அந்த கட்டாயத்துலதான் எம்பாக்ளிஃப்ளோசின்னு ஒரு புது சுகர் மருந்த 7020 பேர்கிட்ட பாத்தாங்க. 2015ல முடிவு வந்தப்ப, இதய நோயால இறந்தவங்க மருந்து குரூப்ல 3.7 சதவீதம், வெறும் மாத்திரை குரூப்ல 5.9. கெடுக்கலன்னு காட்டப் போனவங்க காப்பாத்துறத பாத்துட்டு வந்தாங்க. அது கிட்னி வழியா சர்க்கரைய சிறுநீர்ல வெளிய தள்ளுற மருந்து, சுகர இறக்குறதுல பெரிய கில்லாடி கூட இல்ல, இன்னைக்கு சர்க்கரை நோயே இல்லாத ஹார்ட் ஃபெயிலியர் ஆளுங்களுக்கும் அந்த வகை மருந்த குடுக்கிறாங்க. சுகர் எவ்வளவு இறங்குச்சுன்னு மட்டும் பாத்து நிறுத்தியிருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

நம்ம நாட்டுலயும் இப்படி பொறுமையா பண்றவங்க இருக்காங்க, அவங்கள பத்தி நாம போதுமான அளவு பேசறதில்லங்கிறது என் ஆதங்கம். புனேல சித்தரஞ்சன் யாஜ்னிக்னு ஒரு சர்க்கரை நோய் டாக்டர். 2004ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல அவரும் லண்டன்ல இருக்கிற ஜான் யுட்கினும் சேந்து தங்களோட படத்தையே போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு காட்டுற கணக்கு) 22.3, ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்ல. உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பிஎம்ஐ ஒண்ண மட்டும் வச்சு ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொன்னா எவ்வளவு தப்புன்னு அந்த ஒரு பக்கம் போதும்.

அவரோட பெரிய வேல அது கூட இல்ல. 1993ல புனே பக்கத்துல ஆறு கிராமத்துல, பொண்ணுங்க கர்ப்பம் ஆகுறதுக்கு முன்னாடியே அளக்க ஆரம்பிச்சாங்க. எடை, உயரம், சாப்பாடு, வேல, ரத்தம், அப்புறம் பொறந்த குழந்தையோட தோல்மடிப்பு (தோலுக்கு கீழ இருக்கிற கொழுப்ப காட்டுற அளவு) வரைக்கும். குழந்தைங்க சராசரி 2.7 கிலோதான், இங்கிலாந்து குழந்தைங்க 3.5. தசையும் மத்த உறுப்புகளும் சின்னதா இருந்துச்சு, ஆனா முதுகுப் பக்கம் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்கு கொறையல. ஒல்லியா பொறக்கும்போதே உள்ள கொழுப்போட பொறக்குது. அந்த குழந்தைங்கள விடாம பின்தொடர்ந்து, ஆறு வயசுல இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடம்பு சரியா கேக்காத நிலை) பாத்து, அம்மாவோட கர்ப்பகால ரத்தத்தோட பொருத்தினப்ப, பி12 கம்மியாவும் ஃபோலேட் அதிகமாவும் இருந்த அம்மாக்களோட குழந்தைங்களுக்குத்தான் அது அதிகம்னு 2008ல எழுதினாங்க. ரெண்டு விட்டமின்ல ஒண்ண மட்டும் அளந்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது, வேற வேற ஊர்ல வேற வேற மெஷின்ல அளந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. அப்புறம் அந்த குழந்தைங்க வளந்து பெரியவங்க ஆனதும் அவங்களுக்கே கல்யாணத்துக்கு முன்னாடியே பி12 மாத்திரை குடுத்து ஒரு ட்ரையல் ஆரம்பிச்சாங்க, அவங்களுக்கு பொறந்த குழந்தைங்களையும் அளந்தாங்க. ஃபண்டிங் கேக்குற எடத்துல மூணு வருஷத்துல ரிசல்ட் காட்டுன்னு சொல்றவங்க முன்னாடி யாராவது இத எடுத்து வைக்கணும்.